குடிக்காதவன் மேல் வந்த வாடை

அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் துலுக்கானத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் குடித்த காலத்திலும் தெருவே அவனைப் பற்றிப் பேசியது. குடியை விட்ட பிறகும் தெருவே பேசியது. முதலாவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. குடிக்காத ஒரு மனுஷனைத் தெரு இத்தனை பேசியது ஏன் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவன் அப்பன் அப்பாவு, அம்பத்தூரில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். துலுக்கானமும் அரும்பு மீசை வரும்வரை அதே சேற்றில்தான் நின்றான். அறுபதுகளின் நடுவில் சங்கிலி போட்டு அளக்க ஆள் வந்தார்கள். கல் நட்டார்கள், ரோடு போட்டார்கள், நாற்று நட்ட இடத்தில் லேத் மிஷின் நட்டார்கள். தொழிற்பேட்டை என்று பெயர் வைத்தார்கள். துலுக்கானம் அங்கே மூட்டை தூக்கினான், ஷெட்டுக்குப் பெயிண்ட் அடித்தான், லேத்திலிருந்து விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினான். உழைக்கிறதில் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் ஆனால்தான் ஆள் மாறிவிடுவான்.

எழுபத்து நாலில் சர்க்கார் சாராயக் கடைகளை மூடியது. ஊரில் பாதிப் பேர் அதோடு திருந்தினார்கள். துலுக்கானம் மீதிப் பாதியில் இருந்தான். ஏரிக்கரைப் பக்கம் யாரோ காய்ச்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், கால் தானாகப் போகும். அவன் மனைவி அங்கம்மா தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப்பில் காலையில் இட்லி விற்பவள். வாய்க்கு வாய் பேசுவாள், கைக்குக் கை வேலை செய்வாள், பொறுமையும் உண்டு. அது தீர்ந்தபோது துணியை மூட்டை கட்டிக்கொண்டு பூந்தமல்லியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். துலுக்கானம் போய்க் காலில் விழுந்து கூட்டிவந்தான். மறுபடி குடித்தான். மறுபடி மூட்டை.

இரண்டாவது தடவை அண்ணன் கோதண்டமே கூட வந்தான். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாடையிலேயே காலம் தள்ளியும் மூக்கு கெடாத அதிசயப் பிறவி. தங்கை வீட்டுக்காரன் தெருமுனை திரும்பும்போதே இன்றைக்கு என்ன குடித்தான், எங்கே குடித்தான் என்று சொல்லிவிடுவான். அவன் முன்னால் அம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று துலுக்கானம் சத்தியம் செய்தான்.

"ரெண்டு தபா வந்துட்டேன்," என்றாள் அங்கம்மா. "மூணாவது தபா போனா வரமாட்டேன். நீ கால்ல உழுந்தாலும் சரி, கெணத்துல உழுந்தாலும் சரி."

அவள் சொன்னால் சொன்னபடி செய்வாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டில் அவன் இருந்து பார்த்திருக்கிறான். அடுப்பு எரியாமல், பேச்சுக் குரல் இல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. அது அவனுக்கு மறுபடி வேண்டாம். குடியை விட்டான். நிஜமாகவே விட்டான். உடம்பு நடுங்கியது, தூக்கம் போனது, ஆனாலும் விட்டான்.

இப்படி ஒருவன் ஒழுங்காக இருக்கும்போதுதான் விதிக்கு வேலை வரும். எழுபத்தெட்டில் அவனுக்கு ஆனந்தன் சாரின் ஷெட்டில் ஹெல்பர் வேலை கிடைத்தது.

ஆனந்தன் சார் கெமிஸ்ட்ரி படித்தவர். எங்கோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து, அங்கே யாரும் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். ஊறுகாய் கம்பெனிகளுக்கு வினிகர் தயாரிப்பது தொழில். வெல்லத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் அது சாராயமாகும், சாராயத்தை இன்னொரு வகைக் கிருமி வினிகர் ஆக்கும். இது ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஈஸ்ட் போடவேண்டும், வடிகட்டவேண்டும், கொட்டவேண்டும். ஆனந்தன் சார் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு, அந்த ஈஸ்டை ஓடவிடாமல் சிறைபிடிக்கப் போகிறேன் என்று கிளம்பினார்.

சிறைபிடிக்கிற விதத்தைப் பார்த்து முதல் நாளே துலுக்கானம் வாயைப் பிளந்தான். கடல்பாசியிலிருந்து எடுத்த மாவைத் தண்ணீரில் கரைத்தால் கொழகொழவென்று கூழாகிறது. அதில் ஈஸ்டைக் கலக்குகிறார். கீழே ஒரு தொட்டியில் சுண்ணாம்புச் சத்துள்ள உப்பைக் கரைத்த தண்ணீர். கூழைப் பூந்திக் கரண்டியில் ஊற்றித் தட்டினால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. விழுந்த சொட்டு தண்ணீரைத் தொட்டதும் கரையவில்லை. வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டையாக நின்றுவிட்டது. கையில் எடுத்து நசுக்கினால் ரப்பராக எதிர்த்தது.

"இதுக்குள்ள கோடிக்கணக்குல உயிர் இருக்கு துலுக்கானம்," என்றார் ஆனந்தன் சார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வெளிய வர முடியாது. ஆனா சாப்பிட முடியும். மேல வெல்லத் தண்ணி ஊத்தினா கீழ சாராயமா வரும். ஈஸ்ட் உள்ளயே இருக்கும். மாசக்கணக்குல வேலை செய்யும்."

"சம்பளம், லீவு ஒண்ணும் கேக்காதா சார்?"

"கேக்காது."

"அப்போ எங்கள இன்னாத்துக்கு சார் வெச்சிக்கினு கீறீங்க?"

ஆளுயரக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் அந்த உருண்டைகளை நிரப்பினார்கள். மேலே வெல்லத் தண்ணீர் ஊற்றுவது, கீழே வருவதைப் பிடித்து வினிகர் பீப்பாய்க்குக் கொண்டுபோவது, நடுவில் உருண்டைகள் அடைத்துக்கொண்டால் நீளக் குச்சியால் கிளறிவிடுவது, இதெல்லாம் துலுக்கானத்தின் வேலை. கிளறும்போது நுரை பொங்கும். பொங்கினது தலையில் கொட்டும், காக்கிச் சட்டையில் தெறிக்கும். சாராயக் கடையை நாலு வருஷம் முன்னால் மூடிய ஊரில், சர்க்கார் கொடுத்த வினிகர் லைசன்ஸை ஆனந்தன் சார் ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க, பகல் முழுக்க அந்த ஈரத்திலேயே நின்றான் அவன். ஒரு சொட்டு நாக்கில் படவில்லை. தெறித்தால் வாயை இறுக்க மூடிக்கொள்வான். அம்மன் பார்க்கிறாள் என்ற பயம்.

அம்மன் பார்த்தாள். அங்கம்மா மோந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் வாசலில் கால் வைத்தவனை அவள் கையை நீட்டித் தடுத்தாள். கிட்டே வந்தாள். சட்டையை மோந்தாள், தலையை மோந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவன் அவசரமாகச் சத்தியத்துக்குக் கையை நீட்டினான்.

"நான் குடிக்கல அங்கம்மா. அம்மன் மேல ஆணையா. கம்பெனில கண்ணாடி பைப்புல உருண்ட உருண்டையா கீது. அதுக்குள்ள பூச்சிங்க கீது. வெல்லத் தண்ணி ஊத்துனா அதுங்க துன்னுட்டு சாராயமா உடுது. அது எம்மேல தெறிக்குது."

"பூச்சியா? எங்க, காட்டு."

"கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி, உருண்டைக்குள்ள குந்திகினு சாராயம் காச்சுது. நீ பக்கத்துல நின்னுகினு கீறே. ஒன் வாயில படவே இல்ல."

"அதான் சொல்றேன்."

"யோவ், முன்ன குடிச்சுட்டு வர சொல்லோ இவ்ளோ நல்லா பொய் சொல்ல வராது ஒனக்கு. படிச்சவங்களோட சேந்து தேறிட்டே."

உண்மையைச் சொல்லி அடிவாங்குவது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. குடித்த காலத்தில் 'பஸ் லேட்டு' என்றால் அவள் பாதியாவது நம்பினாள். இப்போது நடந்ததை நடந்தபடி சொன்னால் ஒரு துளி நம்பிக்கை இல்லை. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சொல்லும்போதே அவன் காதுக்கே அது டபாய்க்கிற மாதிரித்தான் கேட்டது.

அவனும் என்னென்னவோ செய்து பார்த்தான். ஷெட்டிலேயே சோப்புப் போட்டுக் குளித்தான். குளித்துவிட்டு அதே சட்டையைப் போட்டான். வேறு சட்டை எடுத்துப்போனான், அது மாட்டியிருந்த ஆணியே அந்த வாடை. விபூதியை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்த அன்று, 'குடிச்சுட்டு சாமியாராவும் ஆயிட்டியா' என்று கேட்டாள். தினமும் வாசலில் நிற்க வைத்து மோந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இதில் சந்தோஷப்பட்டவன் ஒருவன்தான், அடுத்த வீட்டு வேலுசாமி. ஊரே வறண்டு கிடக்கும்போது ஒரு மனுஷன் தினமும் மணக்க மணக்க வீடு திரும்பினால் யாருக்குத்தான் பாசம் வராது? வேலுசாமி பீடி கொடுத்தான். வறுத்த நெத்திலி கொண்டுவந்து கொடுத்தான். "இன்னா மாமே, ஒடம்ப பாத்துக்கோ," என்று அக்கறையாக விசாரித்தான். கடைசியில் காதோரம் குனிந்து, "எங்க கெடைக்குதுனு மட்டும் சொல்லு. என் பொண்டாட்டி புள்ளைங்க மேல சத்தியமா யாராண்டயும் சொல்லமாட்டேன்," என்றான். துலுக்கானம் பூச்சிகளைப் பற்றி விளக்கினான். வேலுசாமி முகம் சுருங்கிப்போய், "சொல்ல இஷ்டமில்லனா உட்டுடு மாமே, ஏன் இப்டி?" என்று நெத்திலித் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.

கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்று துலுக்கானத்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மாதிரி யோசனைகள் அவனுக்கு அடிக்கடி வராது, வந்ததெல்லாம் நல்லதாக முடிந்ததும் கிடையாது. ஆனந்தன் சாரிடம் கேட்டு ஒரு கை உருண்டைகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். வெல்லத் தண்ணீர் ஊற்றினான். தூசு விழக்கூடாதே என்று மூடியை இறுக்கித் திருகி அடுப்படி அலமாரியில் வைத்தான். "நாளிக்கு மத்தியானம் தெறந்து மோந்து பாரு, அப்பால சொல்லு," என்று அங்கம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போனான்.

திறக்கிற சிரமத்தை அவளுக்கு அது கொடுக்கவில்லை. வெயில் ஏறஏற உள்ளே காற்று முட்டி, மத்தியானம் அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மூடி வெடித்து ஓட்டில் அடித்தது. உருண்டைகள் சுவரெல்லாம் ஒட்டின. நுரை சோற்றுப் பானையில் இறங்கியது. வீடு முழுக்கப் பழைய சாராயக் கடை வாடை. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் வேலுசாமி. சுவரைப் பார்த்து நின்று, "வீணாப்போச்சே," என்றானாம்.

சாயங்காலம் துலுக்கானம் வந்தபோது அங்கம்மா சத்தம் போடவில்லை. 

"முன்ன வயித்துக்குள்ள வெச்சி எடுத்துகினு வந்தே," என்றாள். "இப்போ பாட்டில்லயே எடுத்துகினு வந்துட்டே."

மறுநாள் கோதண்டம் வந்து இறங்கினான். அவன் சாராய விஷயத்தில் அனுபவஸ்தன் என்பதால் விசாரணையை அவனே எடுத்துக்கொண்டான். தங்கை புருஷனின் தோளைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பி மோந்துவிட்டு, "வெல்லச் சரக்கு," என்று தீர்ப்புச் சொன்னான். "புத்தம் புதுசு."

"அதான் மச்சான் நானும் சொல்றேன். வெல்லத் தண்ணிதான். பூச்சிங்க…"

"மாப்ளே, சைக்கிள் கடைல ஒக்காந்துகினு கீறேன். காத்துக் கதைய என்னாண்ட உடாதே." அவன் தங்கை பக்கம் திரும்பினான். "மூட்டய கட்டு."

துலுக்கானம் வாசலை மறித்து நின்றான். அழுதால் குடித்துவிட்டு அழுகிறான் என்பார்கள், அதனால் அழவும் முடியவில்லை. "ஆயுத பூஜ வருது," என்று மட்டும் சொன்னான். "அன்னிக்கு ஊட்டாளுங்கள எல்லாம் கம்பெனிக்குள்ள உடுவாங்க. நீயே வந்து பாரு அங்கம்மா. அப்டி ஒண்ணு இல்லன்னா அங்கருந்தே பஸ் ஏறிடு. நான் தடுக்கமாட்டேன்."

 "சரி," என்றாள் அங்கம்மா. "மூட்டயோடதான் வருவேன்."

அன்று முதல் அவன் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்த பார்வையே வேறு. அதற்குள் இருப்பவை வெறும் கிருமிகள் இல்லை, அவனுடைய சாட்சிகள். "பேர காப்பாத்துங்கப்பா," என்று கிளறும்போது வாய்விட்டே வேண்டினான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தொழிற்பேட்டையே தண்ணீரில் மிதக்கும். ஒரு வருஷ எண்ணெய்ப் பிசுக்கையும் அன்றைக்குத்தான் கழுவுவார்கள். சுத்தியல், ஸ்பானர் முதல் தள்ளுவண்டிச் சக்கரம்வரை எதுவும் தப்பாது. கழுவாத ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கிறது பாவம் என்பது அங்கே எல்லார் மனசிலும் ஊறினது. துலுக்கானம் பீப்பாயைக் கழுவினான், தொட்டியைக் கழுவினான், பூந்திக் கரண்டியைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். பிறகு கண்ணாடிக் குழாய் முன்னால் போய் நின்றான். மாசக்கணக்கில் ஓடியதில் உருண்டைகள் வெளுப்புப் போய்ப் பழுப்பேறி, மேலே வழவழவென்று ஏதோ படிந்து, பார்க்கவே அருவருப்பாக இருந்தன. நாளைக்கு அங்கம்மா வந்து பார்க்கப்போகிறாள். இட்லித் தட்டில் ஒரு பருக்கை காய்ந்திருந்தால் பொறுக்கமாட்டாள். இந்தக் கோலத்தில் சாட்சிகளை நிறுத்துவதா?

அங்கம்மா வாரம் ஒருமுறை இட்லித் துணியைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைப்பாள். எத்தனை பழுப்பேறிய துணியும் மல்லிகைப் பூவாக வெளுத்து வரும். அது அவன் ஞாபகத்துக்கு வந்தது. ஆனந்தன் சார் பூஜை சாமான் வாங்கப் போயிருந்தார். துலுக்கானம் வெல்லத் தண்ணீரை வடித்துவிட்டு, வெந்நீரில் சோடாவைத் தாராளமாகக் கரைத்து, குழாய் நிறைய ஊற்றினான். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, மனநிறைவோடு வீட்டுக்குப் போனான். அன்றைக்கு அவன் மேல் வந்தது சோடா வாடை மட்டும்தான். அங்கம்மா மோந்து பார்த்துவிட்டு, குழப்பத்தோடு உள்ளே விட்டாள்.

பூஜை நாள் காலையில் முதல் ஆளாக ஷெட்டைத் திறந்தான். குழாயில் ஒரு உருண்டைகூட இல்லை. எந்தச் சுண்ணாம்புச் சத்து சொட்டை உருண்டையாகப் பிடித்து வைத்திருந்ததோ, அதைச் சோடா பிடுங்கிக்கொண்டுவிட்டது. எல்லாம் கரைந்து, வெள்ளைக் கஞ்சியாக, பாதி குழாயிலும் மீதி சாக்கடையிலும் நின்றது. கோடிக்கணக்கான சாட்சிகள் ஒரே ராத்திரியில் காலி.

 வேலை போய்விடும் என்பது அவனுக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. முதலில் தோன்றியது அந்த மூட்டை. என்ன செய்வதென்று தெரியாமல், வாசலுக்கு வாங்கிவைத்திருந்த பெரிய சாமந்தி மாலையை எடுத்துக் குழாய்க்குப் போட்டான். மேலே ஒரு சிவப்புத் துணி சுற்றினான். மாவிலை கட்டினான். துணி மறைக்காத கண்ணாடி கொஞ்சம்கூட வெளியே தெரியாதபடி சந்தனம் பூசினான். அம்பத்தூரிலேயே அன்றைக்கு அத்தனை பக்தியோடு அலங்கரித்த இயந்திரம் வேறு இருந்திருக்காது.

அங்கம்மா சொன்னபடி மூட்டையோடு வந்தாள். கோதண்டம் உள்ளே வரவில்லை. பஸ் வந்தால் நிறுத்தி வைக்கிறேன் என்று ரோட்டில் நின்றுகொண்டான். ஷெட்டில் சூடமும் சாம்பிராணியும் மணந்தன. அங்கம்மா நாலு மூலையிலும் நின்று மூக்கை உறிஞ்சினாள். சாராய வாடை துளி இல்லை.

"எங்கயா ஒன் பூச்சிங்க?"

"அலங்காரத்துக்குள்ள கீது."

"உருண்டய காட்டு."

"பூஜ முடியட்டும் அங்கம்மா."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பாவமாகப் பார்த்தாள். "சரி, நான் வரேன்," என்று மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆனந்தன் சார் தட்டோடு குழாய்க்குத் தீபாராதனை காட்ட வந்தார், பின்னால் அவர் மனைவி. பொட்டு வைக்க இடம் தேடிச் சிவப்புத் துணியைக் கொஞ்சம் விலக்கினார். குனிந்து பார்த்தார். தட்டு கையிலிருந்து நழுவி, விபூதியும் குங்குமமும் தரையில் கொட்டின.

"யார்யா இதைக் கழுவினது?"

 வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி ஷெட்டில் வேலை பார்க்கிற நாலு பேர் மேலும் சமமாகப் பிரிந்திருக்கும். துலுக்கானம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்தான் சார். சோடா போட்டு."

 ஆனந்தன் சார் போட்ட சத்தத்தில் ஷெட்டே அதிர்ந்தது. "சோடாவா? அது என்ன பாத்திரமாய்யா? உயிருய்யா அது. வெல்லத் தண்ணிய சாராயமா மாத்திக் குடுத்துட்டு இருந்த உயிர். அத்தனையும் உருண்டைக்குள்ள பத்திரமா வச்சிருந்தேன். மொத்தத்தையும் கஞ்சியாக்கிச் சாக்கடைல விட்டுட்டியே."

திட்டு வாங்கக் குனிந்திருந்த துலுக்கானத்தின் தலை மெதுவாக நிமிர்ந்தது. வாசலைப் பார்த்தான். அங்கம்மாவின் ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயும் இருந்தது.

"சார்," என்றான். "இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"என்னது?"

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அந்த உருண்டைக்குள்ள இன்னா இருந்துச்சு சார்?"

கிண்டல் செய்கிறான் என்று நினைத்த ஆனந்தன் சார் கோபம் தலைக்கேறிக் கத்தினார். "ஈஸ்ட்டுய்யா. உயிருள்ள கிருமி. கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா உன் கால்ல விழுந்து கெஞ்சியிருக்கும்."

"அது இன்னா காச்சும் சார்?"

"சாராயம்."

"அது யார் மேல சார் தெறிக்கும்?"

"உன் மேலதான்யா தெறிக்கும், வேற யார் மேல? தினமும் அதுலதான நனைஞ்சுட்டு வீட்டுக்குப் போற?"

"போதும் சார்," என்றான் துலுக்கானம். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. "இப்போ வேலைய உட்டுத் தூக்கணும்னா தூக்கிடுங்க."

ஆனந்தன் சார் ஒன்றும் புரியாமல் நின்றார். அவர் மனைவிக்கு மட்டும் மூட்டையோடு வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்ததும் ஏதோ விளங்கியது. "நீதான் இவர் சம்சாரமா?" என்று கேட்டார். "எங்க வீட்லயும் இதே கதைதாம்மா. இவர் மேல வர்ற நாத்தத்துக்குப் பின்பக்கம் கொல்லையில குளிச்சாத்தான் உள்ளயே விடறேன். எங்கம்மா வந்திருந்தப்ப, மாப்பிள்ளை குடிக்க ஆரம்பிச்சுட்டார்னு ஒரே அழுகை."

அங்கம்மா மூட்டையை இறக்கி வைத்தாள். படித்த மனுஷன் சொன்னது அரைவாசிதான் அவளுக்கு ஏறியது. இன்னொரு வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னது முழுசாக ஏறியது. "சோடா போட்டுக் கழுவக் கத்துக் குடுத்தது நான்தான் சார்," என்றாள் ஆனந்தன் சாரிடம். "அவர ஒண்ணும் சொல்லாத. இன்னா செய்யணும்னு சொல்லு, நான் செஞ்சு தரேன்."

பாசி மாவு மிச்சம் இருந்தது, ஈஸ்டும் இருந்தது. சுண்டலும் பொரியும் தின்றபிறகு பூந்திக் கரண்டியை அங்கம்மா கையில் கொடுத்தார்கள். காலங்காலமாக மாவு ஊற்றுகிற கை, அலுக்காமல் தட்டியது. பெரிய நேர்த்தி ஒன்றும் இல்லை, பாதி உருண்டை வாலோடுதான் விழுந்தது. ஆனாலும் குழாய் மறுபடி நிறைந்தது. ஆனந்தன் சாருக்குக் கோபம் இறங்கியது. ரோட்டில் நின்ற கோதண்டம் நாலைந்து பஸ்ஸை நிறுத்தி, நாலைந்து கண்டக்டரிடம் ஏச்சு வாங்கி, கடைசியில் தனியாகப் பூந்தமல்லிக்குப் போனான். கிளம்புமுன் துலுக்கானம் வந்து நடந்ததைச் சொன்னபோது, "பாக்கலாம்," என்று மட்டும் சொன்னான்.

அதற்கப்புறம் காலை இட்லி வியாபாரம் முடிந்ததும் அங்கம்மாவும் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். உருண்டை போட ஒரு ஆள் தேவைப்பட்டது. இருவரும் ஒன்றாகப் போனார்கள், ஒன்றாக வந்தார்கள். ஒரே வாடை என்பதால் யார் மேல் வருகிறது என்று இருவருக்குமே தெரியவில்லை.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் எடுத்துக்கொண்டு கோதண்டம் வந்தான். கரும்பும் மஞ்சள் கொத்தும் பச்சரிசியும் சுமந்து வந்தவன், அப்போதுதான் ஷெட்டிலிருந்து திரும்பிய அங்கம்மாவின் கையில் தட்டைக் கொடுக்கும்போது அப்படியே நின்றான். மூக்கு விடைத்தது. மெதுவாகக் குனிந்து அவள் தலையை மோந்தான்.

"அடப்பாவி," என்றான். "அவன திருத்தறேன்னு சொல்லிகினு நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"இல்ல அண்ணாத்தே, அது பூச்சிங்க…" என்று தொடங்கிய அங்கம்மா பாதியில் நிறுத்தினாள். தன் வாயில் அந்த வார்த்தை எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டுவிட்டது. வாசலில் தண்ணீர்க் குடங்கள் கூட ஆரம்பித்திருந்தன. வேலுசாமி எட்டிப் பார்த்தான். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

துலுக்கானத்துக்கு எத்தனையோ நாள் அடக்கிவைத்த பேச்சு நெஞ்சில் இருந்தது. இப்போ தெரியுதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கொஞ்ச நேரம் சும்மா நின்று வேடிக்கை பார்த்தாலே போதும். ஆனால் அவள் முகத்தில் இருந்தது அவனுக்குப் பழக்கமான தவிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு அவனால் நிற்க முடியவில்லை.

"அவ குடிக்கல மச்சான்," என்றான்.

"ஒனக்கு எப்டித் தெரியும்? மோந்து பாத்தியா?"

"இன்னாத்துக்கு மோந்து பாக்கணும்? அங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

 அங்கம்மா சீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அழப் போகிறாள் என்றுதான் துலுக்கானம் நினைத்தான். அவள் அம்மன் படத்துக்கு முன்னாலிருந்து சூடத்தை எடுத்து வந்து, வாசற்படியில் வைத்து, தெரு பார்க்க ஏற்றினாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள்.

"இனிமே இந்த மனுசன நான் மோந்து பாக்கமாட்டேன்," என்றாள். "இது சத்தியம்."

அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றினாள். துலுக்கானமும் கடைசிவரை தன்னுடையதைக் காப்பாற்றினான். இனிமேல் குடித்தாலும் கண்டுபிடிக்க ஆள் கிடையாது என்பதால், அது அவனுக்கு முன்னைவிடக் கொஞ்சம் சிரமமாகவே இருந்தது.